கறுப்பிக்கு ரிலீஃப் வரவில்லை

கறுப்பி என்கிற ஷண்டிங் எஞ்சின் சுருங்க ஆரம்பித்த வருஷம் கொழுமடை ஜங்ஷனில் மழை காலத்தில் பெய்தது, கிணறுகளில் தண்ணீர் கிடந்தது, ரயில்வே காலனியில் மூன்று கல்யாணமும் ஒரு காதுகுத்தும் குறைவில்லாமல் நடந்தன, ஆகவே ஊருக்கு ஏதோ கேடு வந்ததால்தான் எஞ்சின் சுருங்கிற்று என்று பிற்பாடு சிலர் பேசியதில் ஒரு அர்த்தமும் இல்லை. வேலை இல்லாமல் நின்றது, சுருங்கிற்று. வேலை இல்லாமல் நின்ற மனிதர்களை எங்கள் காலனியில் நிறையப் பார்த்திருக்கிறோம் என்பதால் எங்களுக்கு அதில் பெரிய ஆச்சரியம் ஏற்படவில்லை.

கறுப்பி ஊர் விட்டு ஊர் போகிற எஞ்சின் இல்லை. யார்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓடி, வந்த கூட்ஸ் வண்டிகளைப் பிரித்துப் போட்டு, போகிற வண்டிகளுக்குப் பெட்டி கோத்துக் கொடுக்கிற குட்டை எஞ்சின். பிறந்ததிலிருந்து அடுத்த ஸ்டேஷனைப் பார்த்ததில்லை. அதை ஓட்டுகிறவருக்கு டிரைவர் என்ற பெயர்கூடக் கிடையாது, ஷண்டர் என்றுதான் பெயர், டிரைவருக்கு ஒரு படி கீழே. கறுப்பியின் கடைசி ஷண்டர் மாசிலாமணிக்கு அப்போது முப்பத்து நாலு வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மனைவி தங்கபுஷ்பத்துக்கு இருபத்தாறு. பிள்ளை இன்னும் இல்லை, அவசரமும் இல்லை என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு திரிந்த காலம் அது.

ரயில்வேயில் ஆயிரம் சட்டம் உண்டு, அதில் தொள்ளாயிரத்தை யாரும் மதிப்பதில்லை, ஆனால் நீராவி எஞ்சினில் ஏறி நின்ற ஒருவரும் மீறாத சட்டம் ஒன்று இருந்தது: தீ எரிகிற எஞ்சினை ஆளில்லாமல் விட்டு இறங்கக்கூடாது. ஷிப்ட் முடிந்தாலும் சரி, வயிறு காய்ந்தாலும் சரி, வீட்டில் சாவே விழுந்தாலும் சரி, மாற்று ஆள் வந்து ஏறி, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, தீ எப்படி, பிரேக் பிடிக்கிறதா என்று கேட்டுப் பொறுப்பை வாங்கிக்கொண்ட பிறகுதான் முதல் ஆள் கீழே கால் வைக்க வேண்டும். அந்த மாற்று ஆளுக்குத்தான் ரிலீஃப் என்று பெயர். அந்த ஆளின் பெயர் எஞ்சின்கள் நிற்கிற லோகோ ஷெட் வாசலில் தொங்குகிற ரோஸ்டர் என்கிற டூட்டிப் பட்டியலில் எழுதியிருக்க வேண்டும், எழுதாத பெயர் ஏறக்கூடாது.

நீராவி நின்று டீசல் வந்த வருஷம், எங்கள் லோகோ ஷெட்டை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணியோடு மூடுவதென்று உத்தரவாயிற்று. ரோஸ்டர் எழுதுகிற கிளார்க் இரண்டு மணி வரைக்கும் பெயர்களை எழுதி, அதற்குக் கீழே கோடு போட்டு, ‘மூடப்பட்டது’ என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டார். மற்ற எஞ்சின்களுக்கெல்லாம் காலையிலேயே தீயைத் தட்டி அணைத்துவிட்டார்கள். கறுப்பியை மட்டும், விழாவுக்கு ஜோடித்த பெட்டிகளை பிளாட்பாரத்தில் கொண்டுவந்து நிறுத்துவதற்காகத் தீயோடு வைத்திருந்தார்கள். பெட்டிகளை நிறுத்திவிட்டு அது யார்டின் கடைசியில் ஆறாம் லைனில் போய் நின்றுகொண்டது. கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேனுக்கு ஒரு மணிக்கே வேறு ஊர் மாற்றல் எழுதியிருந்ததால் அவன் முறைப்படி இறங்கிப் போய்விட்டான். ஷண்டருக்கு ரிலீஃப் எழுத வேண்டிய இடத்தில்தான் அந்தக் கோடு இருந்தது.

பிளாட்பாரத்தில் மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், லட்டு கொடுத்தார்கள், சில பெரியவர்கள் அழவும் செய்தார்கள். நாலு மணிக்குக் கூட்டம் கலைந்த பிறகு, விழாவுக்கென்று உடுத்தியிருந்த மஞ்சள் பட்டோடு தங்கபுஷ்பம் தண்டவாளம் தாண்டி ஆறாம் லைனுக்குப் போனாள்.

“என்னங்க, எல்லாரும் போயாச்சு. இறங்கி வாங்க.”

“ரிலீஃப் வரல, புஷ்பம்.”

“ஷெட்டையே பூட்டியாச்சுல்லா. இனிமே யாரு வருவா?”

“பூட்டுனா என்ன, தீ எரியுதுல்லா. எப்படியும் ஆள் அனுப்புவாங்க. நீ ஒண்ணு செய்யி, கரி கொறஞ்சுபோச்சு, மேட்டுல கொஞ்சம் கெடக்கும், ரெண்டு கூடை அள்ளிக் குடு.”

பட்டுச் சேலையோடு அவள் கரி சுமந்தாள். கட்டினவன் கேட்ட முதல் உதவி அது என்று அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்ததாம். அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் கரி கேட்டதில்லை, கேட்க வேண்டிய அவசியமே அவள் வைக்கவில்லை.

தீயை முறையாகத் தட்டி அணைப்பதற்கு ஷெட் ஃபோர்மேனின் எழுத்து உத்தரவு வேண்டும். ஃபோர்மேன் மறுநாள் காலை வண்டியில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார், அங்கே போய் ஒரு மாதத்தில் படுக்கையிலும் விழுந்துவிட்டார். உத்தரவு இல்லாமல் தீயைத் தானாகச் சாகவிடுவது என்பது எஞ்சின்காரர்கள் மத்தியில் வாயால் சொல்லக் கூசுகிற காரியம். அப்படிச் சாகவிட்ட ஒருவன் வீட்டில் பெண் எடுக்கவே யோசிப்பார்கள். ஆகவே மாசிலாமணி தணலை ஒதுக்கிப் போட்டுக்கொண்டு, ஆவியைக் கொஞ்சமாக வைத்துக்கொண்டு, ரிலீஃப் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு நாளில் வரும் என்றார்கள், ஒரு வாரத்தில் வரும் என்றார்கள், பொங்கலுக்குள் வந்துவிடும் என்றார்கள். அதுவரைக்கும் தீ அணையாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை என்று காலனியே பேசி, வீட்டுக்கு ஒரு கூடை வீதம் தினமும் ஆறாம் லைனுக்குக் கரி சுமந்தோம். நானும் சுமந்திருக்கிறேன். புக்கிங் ஆபீசில் டிக்கெட் கொடுக்கிற கையால் கரி அள்ளி, மறுநாள் எல்லா டிக்கெட்டிலும் என் விரல் ரேகை விழுந்து, பிரயாணிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சுருங்குவதை முதலில் கண்டுபிடித்தவர் கேங் மேஸ்திரி பலவேசம். தண்டவாளப் பாதையைப் பார்த்துக்கொள்கிற கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். ஒரு நாள் காலையில் கறுப்பியின் சக்கரம் தண்டவாளத்துக்கு உள்பக்கமாக இரண்டு விரல் நழுவிக் கட்டையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அவர் தன் ஆட்களைத்தான் கண்டபடி ஏசினார், பாதை விலகிப் போகிறவரைக்கும் தூங்கினீர்களா என்று. பிறகு அளவுகோலை வைத்துப் பார்த்தார். தண்டவாளம் ஒரு நூல் பிசகாமல் இருந்தது.

“பாதை சரியாத்தான் கெடக்கு,” என்றார் எழுந்து நின்று. “எஞ்சின்தான் தப்பு.”

“அப்ப என்ன செய்ய, மேஸ்திரி?”

“எஞ்சின்ல கை வைக்க நமக்கு அதிகாரம் கெடையாதுடே. பாதைய நெருக்கிப் போடுங்க.”

அப்படித்தான் வருஷம் ஒரு தடவை கேங்காரர்கள் வந்து ஆணி பிடுங்கி, தண்டவாளத்தை இரண்டு விரல் உள்ளே தள்ளி, மறுபடி அடித்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று. கறுப்பி மாட்டு வண்டி அளவுக்கு வந்தபோது ஷெட்டில் கிடந்த தள்ளுவண்டித் தண்டவாளத்தைப் போட்டார்கள், கன்றுக்குட்டி அளவுக்கு வந்தபோது ஜன்னல் கம்பியைப் போட்டார்கள், அதற்கும் கீழே வந்தபோது பலவேசம் தன் சொந்தக் குடையைப் பிரித்து அதன் கம்பிகளை வரிசையாகப் பதித்துக் கொடுத்தார். அந்த வருஷ மழையில் அவர் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு டூட்டிக்கு வந்தது எங்களுக்கெல்லாம் தெரியும்.

எஞ்சினுக்குள் நின்ற மாசிலாமணியும் எஞ்சினுக்குத் தக்கபடி சிறுத்துக்கொண்டே வந்தார். தான் சிறுப்பதாக அவர் நினைக்கவே இல்லை, நாங்கள்தான் எல்லாரும் கண்டமானிக்குத் தடித்துப் போகிறோம் என்று வருத்தப்பட்டார். ஆனால் அவருக்கு வயது ஏறவில்லை. தீ எரிகிற மட்டும் அவருக்கு முப்பத்து நாலுதான், தலையில் ஒரு நரை இல்லை, மீசை அன்றைக்கு வெட்டின அளவில் அப்படியே நின்றது. தங்கபுஷ்பத்துக்கு வயது ஏறிற்று. அவளுக்கு நாற்பதானபோது அவர் அவளைவிடச் சின்னவராகிவிட்டார், ஐம்பதானபோது பார்க்கிற புது ஆட்கள் அம்மாவும் பிள்ளையும் என்று நினைத்தார்கள். அவள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு போகப் பழகியது அதனால்தான். வெயிலுக்காக என்று அவரிடம் சொல்லிக்கொண்டாள்.

கறுப்பி சிறுக்கச் சிறுக்கக் கரி குறைவாகத் தேவைப்பட்டது. கூடை கூடையாகச் சுமந்த வீடுகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டன. யாரையும் குற்றம் சொல்ல முடியாது, ஒரு சிரட்டைக் கரி கொண்டுபோவதற்கு இருபது வீடு எதற்கு? தங்கபுஷ்பம் மட்டும் போனாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, கையில் சோறும் தண்ணீரும் கரியும். முதலில் சிரட்டை, பிறகு குங்குமச் சிமிழ், கடைசியில் ஒரு மூக்குப்பொடி டப்பா. பெரிய கரியை வீட்டு வாசலில் உட்கார்ந்து சுத்தியலால் தட்டி, சலித்து, மிளகு அளவில் பொறுக்கி எடுப்பாள். தூள் போட்டால் தீ மூச்சுத் திணறுமாம். காய்ச்சல் வந்து கிடந்த நாளிலும் அவள் போகாமல் இருந்ததில்லை. அவளுடைய தம்பி வந்து, “வேற வாழ்க்கையப் பாரு அக்கா,” என்று கூப்பிட்டபோது அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, கரி தட்ட நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டாள். ஒரே ஒரு ஆசைதான் அவளுக்கு: அவர் ஒரு தடவை இறங்கி வீட்டுக்கு வந்து, தன் கட்டிலில் கால் நீட்டிப் படுத்துத் தூங்க வேண்டும். அதை எல்லாரிடமும் சொல்வாள், மீன்காரியிடம்கூடச் சொல்லியிருக்கிறாள்.

பழைய மீட்டர் கேஜ் பாதையைப் பெயர்த்தெடுத்து அகலப் பாதை போட்டபோது, கறுப்பியை அதன் குடைக்கம்பிப் பாதையோடு ஒரு பலகையில் தூக்கி, பார்சல் ஆபீஸ் மேஜைமேல் வைத்தோம். யார்டு எல்லையைத் தாண்டி எஞ்சினை எடுக்க மாசிலாமணி சம்மதிக்கவில்லை, அதனால் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாமல் போயிற்று. பார்சல் ஆபீஸ் எல்லைக்குள்தான் இருக்கிறது, அதிலும் எஞ்சின் நகரவில்லை, பாதைதான் நகர்கிறது என்று ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்து சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார். ரிலீஃப் கேட்டுப் பெரிய ஆபீசுக்கு எழுதின கடுதாசிகளுக்கு ஒரே ஒரு பதில் வந்தது. அந்த எஞ்சின் கழித்துக் கட்டப்பட்டுவிட்டது, கழித்துக் கட்டிய எஞ்சினில் பணியாளர் எவரும் இல்லை, இல்லாத பணியாளருக்கு மாற்று ஆள் தேவைப்படாது. அதற்குப் பிறகு வந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி மேஜையைக் காட்டி இது என்ன என்று கேட்டபோது விளக்கப் பொறுமையில்லாமல், “மாடல் சார்” என்று சொல்லிவிட்டார். அதிகாரி எழுதிக்கொண்டார். காகிதத்தில் ஏறியது ஏறியதுதான். அன்றிலிருந்து கறுப்பி ஒரு மாடல்.

முப்பத்தோராவது வருஷம், பழைய ஸ்டேஷனை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று ஆனபோது, அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் நகரத்து அருங்காட்சியகத்திலிருந்து சம்பந்தம் என்பவர் வந்தார். பழைய மாடல்களைப் பழுது பார்த்துப் புதுசாக்குவது அவர் தொழில்; மெலிந்த மனிதர், இரண்டு கண்ணாடி வைத்திருந்தார், ஒன்று தூரத்துக்கு, ஒன்று ஆணிக்கு. கறுப்பி அப்போது ஒரு முழ நீளம். அவர் ஆணிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இவ்வளவு துல்லியமாக ஒரு மாடலை எவன் செய்தான், ஒரு ரிவெட் விடாமல், பாய்லருக்குள்ளே குழாய்கூட விடாமல், என்று பிரமித்துக் கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து நடுவிரல் உயரத்தில் ஒரு ஆள் எட்டிப் பார்த்தார்.

“நீரா ரிலீஃபு?”

புதிதாக வருகிற எல்லாரிடமும் அவர் கேட்பது அதுதான். கூர்ந்து கேட்டால்தான் கேட்கும், கொசு பாடுகிற சத்தம்.

“இல்லீங்க. நான் பெயிண்ட் அடிக்க வந்தேன்,” என்றார் சம்பந்தம்.

“அதுவும் வேண்டியதுதான். ஆனா மேல டோம் குழாயில ஆவி லீக் இருக்கு, மொதல்ல அதப் பாரும்.”

சம்பந்தம் ஐம்பத்திரண்டு நாள் வேலை செய்தார். பூசிப் பூசித் தடித்திருந்த கறுப்பைச் சுரண்டி, அடியிலிருந்த பழைய சிவப்புக் கோடுகளைக் கண்டுபிடித்து, மூன்று மயிர் உள்ள தூரிகையால் மறுபடி இழுத்தார். பித்தளையைப் புளி போட்டுத் துலக்கினார். ஆவி ஒழுகின குழாய்க்குப் பதில் குண்டூசி கனத்தில் தாமிரக் குழாய் செய்து மாட்டினார். மாசிலாமணி மேற்பார்வை பார்த்தார், குறை சொன்னார், நன்றாயிருந்தால் நன்றாயிருக்கிறது என்றும் சொன்னார். வேலை முடிந்த அன்று கறுப்பி முப்பது வருஷத்தில் முதல் தடவையாக முழு ஆவியோடு நின்றது, அவர் அதைக் குடைக்கம்பிப் பாதையில் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டி, ஒரு தீப்பெட்டியை அழகாகக் கோத்து இழுத்து நிறுத்தினார். நாங்கள் கை தட்டினோம். தங்கபுஷ்பம் கை தட்டவில்லை. இப்படி ஜோராக ஓடுகிற எஞ்சினை விட்டு மனிதன் எப்படி இறங்குவான் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

சம்பந்தம் அவளை வெளியே கூப்பிட்டு வேப்பமரத்தடியில் நிறுத்திச் சொன்னார்.

“அம்மா, வியாழக்கிழமை லாரி வருது. எஞ்சினை மியூசியத்துக்குக் கொண்டுபோயி கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு சீல் பண்ணிடுவாங்க. காத்துப் போகாது. உள்ள தீ வைக்க விடமாட்டாங்க. அதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரரை எறக்கிடுங்க.”

“அவரு எறங்க மாட்டாரே சார்.”

“எறங்கலேன்னாலும் பெட்டிய மூடிடுவாங்கம்மா. அவங்க பேப்பர்ல ஆள் இல்ல.” அதைச் சொல்லும்போது அவர் தூரக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

காலனி கூடிற்று. ரிட்டையரான டிரைவர் குருபாதம்தான் ரிலீஃபாகப் போவதற்குத் தகுந்த ஆள் என்று முடிவாயிற்று. மூன்று ஜில்லாவில் நீராவி ஓட்டினவர், எண்பது வயது. பழைய நீலச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, தொப்பி வைத்துக்கொண்டு, தகரப் பெட்டியோடு பார்சல் ஆபீசுக்குள் போய் மேஜை முன்னால் நிமிர்ந்து நின்றார். மாசிலாமணியின் முகம் மலர்ந்ததை நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். தண்ணீர் அளவுக் கண்ணாடியில் முக்கால் நிற்கிறது, தீ சீராக இருக்கிறது, கை பிரேக் கொஞ்சம் இறுக்கம் என்று ஒப்படைக்கிற வார்த்தைகளைக் கடகடவென்று சொல்லிவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“ரோஸ்டர்ல ஒம்ம பேரு போட்டிருக்குல்லா, அண்ணாச்சி?”

குருபாதம் தகரப் பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு, “இல்லடே,” என்றார்.

“அப்ப எப்படி ஏறுவீரு? பரவால்ல, வேற ஆள் வரும்.”

வெளியே வந்த குருபாதத்தைச் சூழ்ந்துகொண்டு எல்லாரும் ஏசினோம். ஒரு வார்த்தை, ஆமாம் என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டோம். பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

“எஞ்சின் மேல நிக்கவன்ட்ட கீழ நிக்கவன் பொய் சொல்லக்கூடாதுடே. லைன் கிளியரான்னு கேப்பான், ஆமான்னு பொய் சொன்னா ஆள் செத்துப்போவான். நாப்பது வருஷம் அந்த ஒண்ணக் காப்பாத்திட்டேன். இப்பச் சொல்ல வாய் வரல.”

எங்களுக்கும் அதற்கு மேல் அவரை ஏச வாய் வரவில்லை. தொப்பியை மறுபடி வைத்துக்கொண்டு அவரே, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

“ரெண்டே வழிதான். ஒண்ணு ரிலீஃப் வரணும். இல்லன்னா எஞ்சின் சாவணும். தீ அணைஞ்சு ஆவி எறங்கிட்டா அது செத்த எஞ்சின். செத்த எஞ்சினுக்கு ஆளு வேண்டாம், அவன் பாட்டுக்கு எறங்கி வந்துருவான்.”

எல்லாரும் தங்கபுஷ்பத்தின் கையில் இருந்த பொடி டப்பாவைப் பார்த்தோம். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று அப்போது எங்களுக்கு நன்றாகவே தெரியும், அந்தத் தீதான் அவரை முப்பத்து நாலு வயதில் நிறுத்தி வைத்திருக்கிறது, அது அணைந்தால் அவரும் சேர்ந்து அணைந்துவிட்டால் என்ன செய்வது என்று. அதோடு, தீயைச் சாகவிட்டவன் என்ற பெயரை அவருக்கு அவளே வாங்கிக் கொடுப்பதாகவும் ஆகும். புதன்கிழமை காலை வரைக்கும் அவள் கரி கொண்டுபோனாள். புதன்கிழமை சாயங்காலமும் கொண்டுபோனாள். எங்களில் ஒருவர்கூட அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. தடுத்தாலும் பாவம், தூண்டினாலும் பாவம் என்று எல்லாரும் அவரவர் வேலையைப் பார்ப்பதாக நடித்துக்கொண்டிருந்தோம்.

வியாழக்கிழமை காலையில் அவள் குளித்து, தலைமுடியை முந்தானையில் மறைக்காமல், அப்படியே வெள்ளையாக அள்ளி முடிந்துகொண்டு பார்சல் ஆபீசுக்கு வந்தாள். கையில் நாலு பருக்கைச் சோறும் ஒரு மூடித் தண்ணீரும் மட்டும் இருந்தன. மாசிலாமணி சாப்பிட்டார். அவள் தலையைப் பார்த்தார். பிறகு கரிப் பெட்டியை எட்டிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் கிடந்தது, அதைக் கூட்டி அள்ளிப் போட்டார். அதுவும் தீர்ந்தபோது அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“கரி கொண்டாரலங்க,” என்றாள் அவள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் எப்போதும் அவரிடம் பேசுவாள், மூச்சுக் காற்று அவரைத் தள்ளிவிடக்கூடாதென்று. “இனிமேயும் கொண்டார மாட்டேன்.”

அவர் தீக்கதவைத் திறந்து, தணலைக் கிளறி, ஓரங்களை நடுவில் கூட்டிவிட்டார். மறுபடி கிளறினார். ஆவி முள் இறங்க இறங்க அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கெஞ்சியிருந்தால் அவள் ஓடிப்போய்க் கொண்டுவந்திருப்பாள், அவர் ஏசியிருந்தாலும் கொண்டுவந்திருப்பாள். அவர் இரண்டும் செய்யவில்லை. மத்தியானம் ஆயிற்று. லாரி வந்து வாசலில் நின்றது, சம்பந்தம் வெளியே போய் அவர்களை டீ குடிக்கச் சொல்லி அனுப்பினார், டீ குடித்து வந்தவர்களை மறுபடி சாப்பிட அனுப்பினார். மூன்று மணி வாக்கில் கறுப்பி நீளமாக ஒரு மூச்சு விட்டு அடங்கிற்று.

மாசிலாமணி செய்ய வேண்டியதையெல்லாம் வரிசையாகச் செய்தார். தண்ணீர்க் குழாய்களைத் திறந்துவிட்டார், கை பிரேக்கைச் சுற்றி இறுக்கினார், தீக்கதவுக்குள் கிடந்த சாம்பலைத் தட்டினார், கைப்பிடிகளையெல்லாம் துணியால் துடைத்தார். பிறகு பெட்டியையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு, எஞ்சின்காரர்கள் இறங்குகிற முறைப்படி எஞ்சினைப் பார்த்தபடி பின்பக்கமாகப் படி இறங்கினார். கடைசிப் படிக்குக் கீழே தங்கபுஷ்பத்தின் உள்ளங்கை இருந்தது.

ஒரு கனமும் இல்லையாம். சூடு மட்டும் இருந்ததாம்.

ஸ்டேஷனிலிருந்து அவள் வீடு வரைக்கும் காலனி முழுக்க வாசலுக்கு வாசல் நின்றோம். தோளில் துண்டு போட்டவர்கள் துண்டை எடுத்தார்கள். குருபாதம் நெற்றியில் கை வைத்து சலாம் அடித்தார், உள்ளங்கையில் நின்றவர் பதிலுக்குத் தொப்பியைத் தொட்டார். இரண்டு கையையும் குவித்து ஏந்திக்கொண்டு, கல் தடுக்கிவிடாமல் அடி அடியாக வைத்து, அவள் நடந்து போனாள். வீட்டுக்குள் போய்க் கதவை ஒருக்களித்துவிட்டாள். மேற்கொண்டு உள்ளே நடந்தது, அவளாகச் சில வருஷம் கழித்து எங்களிடம் சொன்னதுதான்.

கட்டிலில் தன் சேலையை நாலாக மடித்துப் போட்டு அவரைப் படுக்க வைத்தாள். அவர் காலை நீட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் கால் நீட்டி அவள் பார்த்ததில்லை. கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேராகக் காதை வைத்துக்கொண்டாள், ஏதாவது ஏசுவார், ஏசட்டும் என்று.

“புஷ்பம்,” என்றார் அவர். “நீ இத எப்பவோ நிறுத்தியிருக்கலாம்லா?”

அவளுக்குப் புரியவில்லை. “எத?”

“கரிய.”

“நீங்க வேண்டாம்னு சொல்லவே இல்லியே.”

“டூட்டியில நிக்கவன் எப்படிட்டி சொல்லுவான்? வந்த கரியப் போடாம எப்படி இருப்பான்? கரி தீந்துபோச்சுன்னா எம்மேல குத்தம் இல்ல, எறங்கிருவேன். இன்னைக்கு வர மாட்டா, நாளைக்கு வர மாட்டான்னு பாத்துக்கிட்டே நின்னேன். நீ மழையிலயும் வந்துட்ட.”

அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை என்றாள். அவள் பதில் சொல்வதற்குள் அவர் தூங்கிவிட்டார்.

தூங்கத் தூங்க அவருக்கு வயது வந்தது. காதோரம் நரைத்தது, பிறகு மீசை நரைத்தது, நெற்றி சுருங்கிற்று, கன்னம் ஒட்டிற்று, முப்பத்தோரு வருஷமும் ஒவ்வொன்றாக வந்து அவர் மேல் படிவதை அவள் உட்கார்ந்து பார்த்தாள். அவளைவிட இளையவராக இருந்தவர் அவளுக்குச் சமமானார், பிறகு பழையபடி அவளைவிட எட்டு வயது மூத்தவரானார். அந்த இடத்தில் மூச்சு நின்றது. வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை, லாரி புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது.

நாங்கள் என்ன சொல்லித் தேற்ற முடியும்? நீ பிரியத்தில் செய்தது, உன்மேல் குற்றமில்லை என்றோம். கூடை கூடையாகக் கரி சுமந்த எங்களுக்கு அதைச் சொல்ல என்ன யோக்கியதை என்றும் தோன்றிற்று. அவள் எங்களை ஒன்றும் சொல்லவில்லை.

“ஒரு நா,” என்றாள், “ஒரே ஒரு நா எனக்கு அலுத்துப்போயிருந்தா போதும்லா. எனக்கு அலுக்கவே இல்லியே.”